புதுப்பிப்பு: பழைய மில்லிங் மெஷினில் எக்ஸ் அச்சு நகர்ந்த பிரச்சினை தீர்ந்தது

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. புதிதாகப் படிப்பவர்களுக்கு: டிசி சர்வோ மோட்டார்களைக் கழற்றிவிட்டு ஏசி சர்வோ, டிரைவுக்கு (மோட்டாரை ஓட்டும் மின்னணுப் பெட்டி) சிக்னல் அனுப்பும் மெசா கார்டு, மெஷினை இயக்கும் லினக்ஸ்சிஎன்சி மென்பொருள் போட்ட மெஷின் இது. ஜாப் ஓட ஓட எக்ஸ் அச்சின் (இடம் வலமாக நகரும் திசை) நிலை ஒரே பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனது.

ஸ்பிண்டிலின் (வெட்டும் கருவியைச் சுழற்றும் தண்டு) வேகத்தை மாற்றும் விஎஃப்டி கிளப்பும் மின் நாய்ஸ்தான் காரணம் என்று பலரும் சொன்னீர்கள். சிக்னல் கேபிளின் ஷீல்டை (உலோக உறை) ஒரு முனையில் மட்டும் எர்த் செய்தேன், மாற்றமில்லை. ஸ்பிண்டிலை நிறுத்திவிட்டு ஓட்டிப் பாருங்கள் என்று ஒருவர் சொன்னதுதான் வழிகாட்டியது. நிறுத்தினாலும் அதே நகர்வு. நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் டயல் கேஜை வைத்து, முன்னும் பின்னும் மட்டும் ஓடும் சின்ன ஜி-கோடு (மெஷினுக்கான கட்டளை நிரல்) போட்டதும் தெளிவானது: தூரம் கூடினால் பிழை கூடவில்லை, திசை திரும்பும் தடவை கூடினால்தான் கூடியது. அதாவது, திசை சிக்னல் மாறி நிலைக்கும் முன்பே மோட்டாரை நகரச் சொல்லும் பல்ஸ் போய்விடுகிறது. டிரைவில் சிக்னலை ஒளி வழியாக உள்ளே கடத்தும் ஆப்டோகப்ளருக்கு அவ்வளவு வேகம் இல்லை. லினக்ஸ்சிஎன்சியின் ஐஎன்ஐ அமைப்புக் கோப்பில் டைர்செட்டப் (பல்ஸுக்கு முன் திசை சிக்னல் நிலைக்கும் நேரம்), டைர்ஹோல்டு (பல்ஸுக்குப் பின் அது மாறாமல் இருக்கும் நேரம்) இரண்டையும் 10,000 நானோசெகண்டுக்கு உயர்த்தினேன். இப்போது நூற்றுக்கணக்கான தடவை திரும்பிய பின்பும் முள் பூஜ்யத்திலேயே நிற்கிறது. ஸ்பிண்டிலை நிறுத்திப் பார்க்கச் சொன்னது அருமையான யோசனை!

எதிர்பாராதது இசட் அச்சில் (மேலும் கீழும் நகரும் திசை). எமர்ஜென்சி அழுத்தினால் ஹெட் (ஸ்பிண்டிலைத் தாங்கும் மேல்பகுதி) லேசாக இறங்கியது. ஹெட்டை ஏற்றி இறக்கும் பால் ஸ்க்ரூ (குண்டுகள் உருளும் திருகு) தானாகப் பிடித்து நிற்காது. மோட்டாரின் 24 வோல்ட் பிரேக் கவ்வச் சற்று நேரமாகும். அதுவரை மோட்டார் விசையை விடாதபடி டிரைவில் தாமத அளவைக் கூட்டியதும் சரியானது. மெயின் கரண்டே போனால் இது உதவாது. ஹெட்டுக்கு அடியில் கை வைக்கும் முன் மரக்கட்டை முட்டுக் கொடுங்கள்.