நீவி விடுவதற்கு முன்: கோத்தகிரிப் பகுதியில் நான் கண்ட தசை, தசைநாண் காயங்கள்

கோத்தகிரி, குன்னூர்ப் பகுதியில் இயன்முறை சிகிச்சையாளராகப் பணியாற்றும் நான், கால் பிசகி வருபவர்களிடம் முதலில் கேட்பது, இதுவரை யாராவது நீவி விட்டார்களா என்பதைத்தான். எண்ணெய் தடவி நீவுவதன்மீது எனக்குப் பகை இல்லை. மேடு பள்ளங்களில் நடந்து களைத்த கெண்டைக்காலுக்கு அது இதமளிக்கிறது. ஆனால் அடிபட்டது தசையா, தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணா, மூட்டைப் பிணைக்கும் ஜவ்வா என்று பார்க்காமலே நீவத் தொடங்குவதால் நல்ல வைத்தியத்துக்குரிய நாட்கள் வீணாகிப்போவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

ஐப்பசி மழையில் தேயிலைச் சரிவில் வழுக்கிய சிறு விவசாயி ஒருவர், ஒரு மாதத்துக்கும் மேல் கடந்த பிறகு என்னிடம் வந்தார். "பின்னாலிருந்து யாரோ கல்லால் அடித்த மாதிரி இருந்ததம்மா, திரும்பிப் பார்த்தால் ஆளே இல்லை" என்றார். குதிகால் தசைநாண் அறுந்தவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் சொல்வார்கள். முதலில் பார்த்த இடத்தில் எக்ஸ்ரே எடுத்து, எலும்பு முறியவில்லை, வெறும் சுளுக்குத்தான் என்று கிரேப் பேண்டேஜ் சுற்றி அனுப்பிவிட்டார்கள். அதன்பின் ஊரில் நாள்தோறும் நீவியிருக்கிறார்கள். தசைநாண் அறுந்திருப்பதை எக்ஸ்ரேயை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அவரால் நடக்க முடிந்ததும், பாதத்தைக் கீழ்நோக்கி அசைக்க முடிந்ததும் பார்த்தவர்களை ஏமாற்றியிருக்க வேண்டும். கணுக்காலைக் கடந்து விரல்களுக்குச் செல்லும் வேறு தசைகள் அந்த அசைவை ஓரளவு செய்துவிடும்.

அவரைக் குப்புறப் படுக்கவைத்து, பாதங்கள் கட்டிலின் விளிம்புக்கு வெளியே இருக்கும்படி செய்து, கெண்டைக்கால் தசையைக் கையால் அழுத்தினேன். நாண் அறாமல் இருந்தால் பாதம் தானாகவே கீழ்நோக்கி அசையும். நல்ல காலில் அசைந்தது, அடிபட்ட காலில் அசையவில்லை. 1957இல் சிம்மண்ட்ஸ், 1962இல் தாம்சன் என்ற மருத்துவர்கள் விவரித்த சோதனை இது. இதற்குக் கருவியோ மின்சாரமோ வேண்டியதில்லை, அரை நிமிடம் போதும். நாண் பெரும்பாலும் அறுவது குதிகால் எலும்புக்கு 2 முதல் 6 செ.மீ. மேலே, அவ்விடத்தில் பள்ளம் விரலுக்குத் தட்டுப்பட்டது. முதல் சில நாட்களிலேயே தெரிந்திருந்தால், பாதம் கீழ்நோக்கியிருக்கும்படி மாவுக்கட்டோ, குதியை உயர்த்திய பூட்ஸோ இட்டு அறுவை சிகிச்சையின்றியே சேர வாய்ப்பிருந்தது. தாமதத்தால் அறுந்த முனைகள் விலகிவிட்டன. கோயம்புத்தூரில் பெருவிரலை மடக்கும் தசையின் நாணை எடுத்து இடைவெளியை ஈடுசெய்ய வேண்டியதாயிற்று. அவர் மீண்டும் தோட்டத்தில் ஏறி இறங்குகிறார், ஆனாலும் ஒற்றைக்காலில் நுனியில் நிற்க இன்றும் சிரமப்படுகிறார்.

இதே நாண் அறாமல், நாட்பட்ட வலியாக மட்டும் இருப்பவர்களுக்குச் சிகிச்சை வேறு. சுவீடன் மருத்துவர் ஆல்ஃபிரட்சன் 1998இல் வெளியிட்ட பயிற்சியை நான் சொல்லித்தருகிறேன்: படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, குதிகாலை மெதுவாகக் கீழே இறக்குவது, முழங்காலை நீட்டி 15 வீதம் மூன்று முறை, மடக்கி 15 வீதம் மூன்று முறை, காலையும் மாலையும், 12 வாரங்கள். எங்கள் ஊர்களில் படியில்லாத வீடு அரிது என்பதால் பயிற்சிக்கு இடம் தேட வேண்டியதில்லை, பொறுமைதான் வேண்டும். சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக் மாத்திரை அண்மையில் உட்கொண்டார்களா என்றும் தவறாமல் கேட்கிறேன். அவ்வகை மருந்துகளால் தசைநாண் அறும் அபாயம் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008இல் கடுமையான எச்சரிக்கை விடுத்தது.

கால்பந்து ஆட்டத்தில் எதிரணியினரின் முழங்கால் தொடையில் மோதிய கல்லூரி மாணவர் ஒருவரையும் சொல்ல வேண்டும். இரத்தம் கட்டிய தொடையை அன்றிரவே தொடங்கிச் சூடான எண்ணெயால் அழுத்தி நீவியிருக்கிறார்கள். சில வாரங்களில் அங்கே கல் போல் ஒரு கட்டி. எக்ஸ்ரேயில் தசைக்குள் எலும்பு உருவாகியிருந்தது. மோதிய முதல் 24 மணி நேரம் முழங்காலை நன்றாக மடக்கி வைத்து, குளிர்ந்த நீரில் நனைத்த துணியைச் சுற்றி, நீவாமல் விட்டிருந்தால் அந்த அபாயம் குறைந்திருக்கும். மடக்கும் பயிற்சியால் அவர் மெல்லத் தேறினார். அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை.

கத்தரியால் கொழுந்து வெட்டும் பெண்களிடம் நான் அடிக்கடி காண்பது, மணிக்கட்டில் பெருவிரல் பக்கத்து வலி. ஓர் அக்கா நரம்புத் தளர்ச்சி என்று நெடுநாள் சத்து மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பெருவிரலை உள்ளங்கைக்குள் மடித்து, கையைச் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்த்தவுடன் துடித்துப்போனார். 1895இல் சுவிஸ் மருத்துவர் டி குவெர்வான் விவரித்த, பெருவிரல் நாண்களின் உறை தடித்துப்போகும் நோய் அது. பெருவிரலை அசையாமல் தாங்கும் ஸ்பிளிண்டும், எலும்பு மருத்துவர் உறைக்குள் இட்ட ஸ்டீராய்டு ஊசியும் வலியைத் தணித்தன. ஆனால் அதே கத்தரிக்குத் திரும்பினால் வலியும் திரும்பும் என்பதால், கைப்பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கச் சொன்னேன். மழுங்கிய கத்தரி ஒவ்வொரு வெட்டுக்கும் கூடுதல் அழுத்தம் கேட்கிறது, அதைத் தீட்டிக் கொடுப்பது தோட்டத்தின் பொறுப்பு என்று அவருடைய மேஸ்திரிக்குக் கடிதமும் எழுதிக்கொடுத்தேன்.