கூகுள் இல்லாத ஓஎஸ் போட்ட போன்ல நோட்டிஃபிகேஷனே வரல, 40 போனையும் மாத்தலாமா?

கேன்காரன்
வணக்கம் மக்களே. திருப்பூர்ல ஒரு தண்ணி கேன் கம்பெனிக்கு டெலிவரி ஆப் எழுதிக் குடுத்து நான்தான் பாத்துக்கறேன். பசங்க 40 பேரு, எல்லார்கிட்டயும் கம்பெனி போன். 2023ல ஐஐடி மெட்ராஸ்ல இருந்து வந்த பார்ஓஎஸ் பத்தி முதலாளி எங்கயோ படிச்சுட்டு, நம்ம ஊர் சரக்கு இருக்கறப்ப கூகுளுக்கு எதுக்குய்யா டேட்டா குடுக்கணும்னு ஒரே பிடியா நிக்கறாரு. அது போட்ட போன் எங்க கைக்கு கிடைக்கல, அதனால ரெண்டு பழைய போன்ல ஏஓஎஸ்பி (கூகுள் ஆப் எதுவும் சேக்காத, எல்லாருக்கும் திறந்த ஆண்ட்ராய்டு கோட்) வச்சு பண்ணின வேற ஒரு ஓஎஸ்ஸ ஏத்திப் பாத்தேன். ஆப் திறக்குது, லாகின் ஆகுது, ஆனா ஆர்டர் நோட்டிஃபிகேஷன் வரவே இல்ல, ஆப்ப திறந்தா எல்லா ஆர்டரும் மொத்தமா நிக்குது. மேப் வெறும் சாம்பல் கட்டம். யுபிஐ ஆப் சுத்தமா திறக்கல. பேட்டரி சேவர் ஆஃப்தான். இன்னொண்ணு, இந்த மாதிரி ஓஎஸ்ஸ எல்லாம் கம்பெனிகள் எடுப்பாங்களா? முதலாளி கேட்டா என்ன சொல்ல?

லாக்கேட்
நோட்டிஃபிகேஷன் அனுப்ப கூகுளோட ஃபயர்பேஸ்தானே? அது ஒவ்வொரு போனுக்கும் குடுக்கற அடையாளக் குறி, டோக்கன், லாக்ல வருதான்னு பாருங்க.

கேன்காரன்
ஆமா ஃபயர்பேஸ்தான். டோக்கனே வரல ஜி.

லாக்கேட்
அப்ப அதான். உங்க ஆப் நேரா சர்வரோட பேசறது இல்ல, போன்ல பின்னாடி ஓடற கூகுளோட ப்ளே சர்வீசஸ் ஒரே ஒரு கனெக்‌ஷன திறந்து வச்சு எல்லா ஆப்புக்கும் சேத்து மெசேஜ் வாங்கிக் குடுக்குது. அது இல்லாத போன்ல யாரு வாங்குவா? ஆப்புக்குள்ள கூகுள் மேப்ப காட்டற எஸ்டிகேவும் அதைத்தான் நம்பி இருக்கு. எம்க்யூடிடி ப்ரோக்கர் (சின்னச் சின்ன மெசேஜ வாங்கி போனுக்குத் தள்ளிவிடற சர்வர்) ஒண்ணு போட்டு, ஃபோர்க்ரவுண்ட் சர்வீஸ்ல (ஆப் திரையில இல்லாதப்பவும் ஓடறது) கனெக்‌ஷன திறந்தே வைங்க, மேல ஒரு ஐகான் நிரந்தரமா நிக்கும், பரவால்ல. மேப்புக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். லொக்கேஷன ஆண்ட்ராய்டோட சொந்த லொக்கேஷன்மேனேஜர்ல இருந்து எடுங்க. யுபிஐக்கு மட்டும் மெனக்கெடாதீங்க, இந்த போன நம்பலாமானு பேங்க் ஆப் செக் பண்ணும், அங்க கூகுள் சான்று இல்லாத ஓஎஸ் பெரும்பாலும் ஃபெயில்தான்.

பழைய கஸ்டமர்
ரெண்டாவது கேள்விக்கு நான் சொல்றேன், சூடு பட்டவன். 2014ல இன்டெக்ஸ் கிளவுட் எஃப்எக்ஸ், ஃபயர்ஃபாக்ஸ் ஓஎஸ், 1,999 ரூபா, ஆசையா வாங்கினேன், அதுக்கு வாட்ஸ்அப்பே அஃபீஷியலா கிடையாது, ட்ராயர்ல போச்சு. 2015ல சாம்சங் டைசன்னு தன்னோட ஓஎஸ்ஸ போட்டு இசட்1ன்னு 5,700க்கு விட்டான், அவ்ளோ பெரிய கம்பெனியாலயே இழுக்க முடியல. அதே ஃபயர்ஃபாக்ஸ் கோட்ல இருந்து பொறந்த காய்ஓஎஸ் மட்டும் 2017ல ஜியோபோன்ல ஓடுச்சு, ஏன்னா சிம்மும் போனும் ஒரே ஆளு குடுத்தான், அடுத்த வருஷம் வாட்ஸ்அப்பும் வந்துச்சு. ஹுவாவே 2019ல அமெரிக்கா தடை போட்டதும் வேற வழி இல்லாம ஹார்மனிஓஎஸ் பண்ணினான், 2024ல வந்த ஹார்மனிஓஎஸ் நெக்ஸ்ட்ல ஆண்ட்ராய்டு ஆப்பே நேரா ஓடாது. சீனால ப்ளே ஸ்டோர் முன்னாடியே இல்ல, அதனால தாங்குச்சு. நம்ம ஊர்ல அப்படியா?

இன்னொரு முடிச்சும் இருந்துச்சு. ப்ளே ஸ்டோரோட போன் விக்கிற கம்பெனி, மாத்தி எழுதின ஆண்ட்ராய்டுல வேற போன் விக்கக்கூடாதுன்னு கூகுளோட ஒப்பந்தம். 2022 அக்டோபர்ல நம்ம போட்டி ஆணையம் 1,337.76 கோடி ஃபைன் போட்டு அதைத் தளர்த்தச் சொல்லுச்சு. கதவு திறந்துச்சு, உள்ள வர ஆளைத்தான் காணோம். அப்புறம் உங்க முதலாளிகிட்ட மெதுவா சொல்லுங்க, பார்ஓஎஸ்ஸுக்கும் அடியில இருக்கறது ஆண்ட்ராய்டுதான் :)

சும்மா வந்தவன்
அண்ணன் சொல்றது கடைல விக்கிற போனுக்கு சரி. இவர் பசங்களுக்கு ஒரே ஒரு ஆப் போதும், இந்த மாதிரி ஓஎஸ்ஸுக்கு இதவிட நல்ல இடம் கிடையாது. ஆனா செக்யூரிட்டி அப்டேட் எத்தன வருஷம் வரும்னு கேட்டுட்டு வாங்குங்க, சிப் கம்பெனி ட்ரைவர் குடுக்கறத நிறுத்திட்டா ஓஎஸ் பண்றவனும் பாதிக்கு மேல கைய விரிச்சுடுவான்.

கேன்காரன்
அப்டேட்: எம்க்யூடிடி போட்டாச்சு, ஆர்டர் டக்குனு வருது. ஒரு போன்ல மட்டும் ஸ்க்ரீன் ஆஃப் ஆன கொஞ்ச நேரத்துல நின்னுச்சு, பேட்டரி ஆப்டிமைசேஷன்ல இருந்து ஆப்ப விலக்கினதும் சரியாச்சு. யுபிஐ ஆப்ப தூக்கிட்டேன், கஸ்டமர் க்யூஆர் ஸ்கேன் பண்ணினா பேமெண்ட் கேட்வே எங்க சர்வருக்கு சொல்லும், சர்வர் பசங்க போனுக்கு சொல்லும். முதலாளிகிட்ட 5 போன் மட்டும் மூணு மாசம் ஓட்டிப் பாப்போம்னு சொல்லிருக்கேன், அரை மனசா தலையாட்டினாரு. லாக்கேட் ஜி, ரொம்ப நன்றி.