நாஜிக் காலம் பற்றிப் படிக்க எதில் தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு

நான் முதலில் கொடுப்பது ஹான்ஸ் ஃபலாடாவின் ‘அலோன் இன் பெர்லின்’ நாவல். பெர்லினில் ஒரு தொழிலாளித் தம்பதி. ஒரே பிள்ளை போரில் செத்துப்போகிறான். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் உட்கார்ந்து ஹிட்லருக்கு எதிராகத் தபால் அட்டை எழுதி, ஆள் நடமாட்டமுள்ள கட்டடங்களின் மாடிப்படியில் போட்டுவிட்டு வருகிறார்கள். அவ்வளவுதான் அவர்களின் போராட்டம்.

இது உண்மையில் நடந்தது. ஓட்டோ, எலிசா ஹாம்பெல் என்ற தம்பதி 1940 முதல் 1942 வரை 200க்கு மேற்பட்ட அட்டைகளை எழுதினார்கள். இறந்தது எலிசாவின் சகோதரர்; நாவலில் அது மகனாகிவிட்டது. அட்டைகளில் பெரும்பாலானவற்றைக் கண்டெடுத்தவர்களே போலீஸில் ஒப்படைத்துவிட்டார்கள். 1943 ஏப்ரல் 8 அன்று பிளோட்சென்சே சிறையில் இருவருக்கும் மரண தண்டனை நிறைவேறியது.

எங்கள் வாசிப்பு வட்டத்தில் இதைப் பேசியபோது ஒரு நண்பர் கொதித்துப்போனார். “யாருமே படிக்காத அட்டைக்காகவா ரெண்டு உயிர் போகணும்?” என்றார். அன்று ராத்திரி வெகுநேரம் வாதாடினோம். வெறும் அட்டைக்காக ஒரு அரசாங்கம் இரண்டு வருஷம் ஆள் வைத்துத் தேடியதே, அந்தப் பயத்தைப் பாருங்கள் என்பது என் கட்சி. அவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் புத்தகத்தைத் திருப்பித் தரவும் இல்லை.

அடுத்தது அன்னா சேகர்ஸின் ‘டிரான்சிட்’. அகதி வாழ்க்கையை இவ்வளவு கிட்டத்தில் காட்டிய நாவலை நான் படித்ததில்லை. 1940-41இல் மார்செய் துறைமுகம். போய்ச்சேரும் நாட்டின் விசா வேண்டும், வழியிலுள்ள நாட்டின் விசா வேண்டும், பிரான்ஸை விட்டு வெளியேற அனுமதி வேண்டும், கப்பல் டிக்கெட் வேண்டும். ஒன்று கைக்கு வருவதற்குள் இன்னொன்று காலாவதியாகிவிடும். அந்த ஊரில் தங்க வேண்டுமானால்கூட, இங்கிருந்து போகப் போகிறேன் என்று நிரூபிக்க வேண்டும்! எந்தக் காகிதத்துக்குப் பிறகு எந்தக் காகிதம் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டுதான் என்னால் மேலே படிக்க முடிந்தது. சேகர்ஸ் இதைக் கற்பனையில் எழுதவில்லை. கணவர் முகாமில் அடைபட்டிருக்க, இரண்டு பிள்ளைகளோடு பாரிஸிலிருந்து தப்பி வந்தவர். 1941இல் மார்செயிலிருந்து கப்பலேறி மெக்சிகோ போய்ச் சேர்ந்தார்.

அப்புறம் லிசா ஃபிட்கோவின் நினைவுக்குறிப்பு. பைரனீஸ் மலை வழியே அகதிகளை ஸ்பெயினுக்குக் கூட்டிப்போனவர். 1940 செப்டம்பரில் அப்படி வந்தவர்களில் ஒருவர் ஜெர்மன் யூதச் சிந்தனையாளர் வால்டர் பெஞ்சமின். கனமான கறுப்புப் பெட்டியோடு, பத்து நிமிஷம் நடந்து ஒரு நிமிஷம் நின்று, கடிகாரம் பார்த்துப் பார்த்து மலையேறினாராம். ஸ்பெயின் பக்கம் போர்ட்பூ என்ற ஊரில், பிரான்ஸுக்கே திருப்பி அனுப்பிவிடுவோம் என்றார்கள் அதிகாரிகள். அந்த ஊரைத் தாண்டி அவர் போகவில்லை, அங்கேயே இறந்துபோனார். பெட்டியிலிருந்த கையெழுத்துப் பிரதி இன்றுவரை கிடைக்கவில்லை.

ஃபலாடா ஐந்நூறு பக்கத்துக்கு மேல் போகும். நேரமில்லை என்றால் ‘டிரான்சிட்’டில் தொடங்குங்கள்.