துத்தநாக ஆக்சைடு மென்படலம்: எக்ஸ்ஆர்டி பதிவில் சிகரம் வரவில்லை, உதவி தேவை

கேள்வி கேட்டவர்:
வணக்கம். முதுகலை இயற்பியல் திட்டப்பணிக்காகச் சோல்-ஜெல் முறையில் (கரைசலைக் கூழாக்கிப் படலமாக்கும் முறை) துத்தநாக ஆக்சைடு மென்படலம் தயாரித்து வருகிறேன். துத்தநாக அசிடேட் டைஹைட்ரேட்டை 2-மெத்தாக்சி எத்தனாலில் 0.5 மோலார் செறிவில் கரைத்து, அதே மோல் அளவு மோனோ எத்தனோலமீன் சேர்த்து, 60 டிகிரி செல்சியசில் 2 மணி நேரம் கலக்கினேன். நுண்ணோக்கிக் கண்ணாடித் தகட்டை நிமிடத்துக்கு 3000 சுற்று வேகத்தில் சுழற்றி 2 முறை பூசி, 450 டிகிரியில் 1 மணி நேரம் சூடேற்றினேன். ஆனால் எக்ஸ்ஆர்டி (படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு) பதிவில் 2θ கோணம் 20 டிகிரிக்கு மேல் அகன்ற மேடு ஒன்றுதான் தெரிகிறது, துத்தநாக ஆக்சைடின் சிகரங்கள் வரவேண்டிய 31.8, 34.4, 36.3 டிகிரிக் கோணங்களில் எதுவும் இல்லை. படலம் படிகமாகவில்லையா? வெப்பநிலையை 600 டிகிரிக்கு உயர்த்தலாமா?

மறுமொழி 1:
உயர்த்த வேண்டாம், அந்த வெப்பத்தில் சாதாரணக் கண்ணாடித் தகடு வளைந்துவிடும். நீங்கள் காணும் மேடு கண்ணாடியுடையது. பூசாத தகடு ஒன்றையும் பதிவு செய்து ஒப்பிட்டால் உடனே புரியும். தாமிரக் குழாயின் எக்ஸ் கதிர் துத்தநாக ஆக்சைடுக்குள் பல மைக்ரோமீட்டர் ஆழம் ஊடுருவக்கூடியது. 2 பூச்சில் கிடைப்பதோ 100 நானோமீட்டருக்கும் குறைவாகவே இருக்கும், அதனால் படலத்தின் சிகரம் கண்ணாடியின் மேட்டில் மறைந்துவிடும். கதிர் 1 டிகிரி சாய்வில் படுமாறு அமைத்தால், 34.4 டிகிரிச் சிகரத்துக்கான வழக்கமான அமைப்பைவிடப் படலத்துக்குள் அது செல்லும் தூரம் ஏறத்தாழ 17 மடங்கு கூடும்.

மறுமொழி 2:
மேலே சொன்னது சரியே, ஆனால் ஓர் எச்சரிக்கை உண்டு. சோல்-ஜெல் துத்தநாக ஆக்சைடு பெரும்பாலும் (002) தளங்கள், அதாவது 34.4 டிகிரிச் சிகரத்தைத் தரும் அணு அடுக்குகள், தகட்டுக்கு இணையாக அமையும்படி வளரும். அத்தகைய படலத்தில், சாய்வுக் கதிர் முறையில் அந்தத் தளங்கள் விளிம்பு விளைவு நிபந்தனைக்குள் வராமல், நல்ல படலத்திலும் 34.4 டிகிரிச் சிகரம் மறைந்துபோகலாம். அந்த முறையை மட்டும் நம்பி முடிவெடுத்து வாரக்கணக்கில் உழைப்பை வீணாக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் வலியுறுத்துகிறேன். முதலில் பூசாத தகட்டை ஒப்பீடாக வைத்துப் புற ஊதா-கட்புல நிறமாலை எடுங்கள்; 375 நானோமீட்டர் அருகே உட்கவர்தல் செங்குத்தாக உயர்ந்தால் துத்தநாக ஆக்சைடு உருவாகிவிட்டது என்று கொள்ளலாம். பிறகு பூச்சுகளை 8 ஆக்குங்கள். ஒவ்வொரு பூச்சுக்குப் பின்னும் 300 டிகிரியில் 10 நிமிடம் உலர்த்தினீர்களா? அதைக் குறிப்பிடவில்லை. உலர்த்தாவிட்டால் அடுத்த சொட்டு முந்தைய பூச்சைக் கரைத்துவிடும்.

கேள்வி கேட்டவர்:
உலர்த்தவில்லை, அடுப்பை வேறொருவர் பயன்படுத்தியதால் 100 டிகிரியில் மட்டும் வைத்தேன். நீங்கள் கூறியபடி 8 பூச்சு செய்து, 30 முதல் 40 டிகிரி வரை மிக மெதுவாகப் பதிவு செய்ததில் 34.4 டிகிரியில் தெளிவான சிகரம் வந்துள்ளது. நிறமாலையும் 375 நானோமீட்டரில் உயர்கிறது. இருவருக்கும் மனமார்ந்த நன்றி. சிகரத்தின் அரை உயர அகலம் 0.4 டிகிரி. சிகர அகலத்திலிருந்து துகள் அளவைக் கணிக்கும் ஷெரர் சமன்பாட்டில் படிகத் துகளின் அளவு 0.36 நானோமீட்டர் என்று வருகிறது. அது படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் அடிப்படை அமைப்பான ஓர் அலகுக் கூட்டைவிடச் சிறியது அல்லவா?

மறுமொழி 2:
அகலத்தை ரேடியனாக மாற்றாமல் இட்டிருக்கிறீர்கள். 0.4 டிகிரி என்பது 0.00698 ரேடியன், அப்போது சுமார் 21 நானோமீட்டர் வரும். கருவியால் ஏற்படும் அகலத்தையும், சிலிக்கான் தூள் போன்ற ஒப்பீட்டு மாதிரியில் அளந்து கழித்துவிட்டு அறிக்கையில் எழுதுங்கள்.