திருச்சியிலிருந்து தஞ்சாவூர்: தனியாக ஒரு பகல், எந்த வரிசையில் பார்ப்பது?

விடுதிவாசி கேட்டது:

வணக்கம். திருச்சியில் கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவி நான். படிப்பது கணிதம், வரலாறு அல்ல. ஒரு நாள் முழுக்கத் தஞ்சாவூரைத் தனியாகச் சுற்றிப் பார்க்க ஆசை. கூட்டமாகப் போனால் பெரிய கோயில் வாசலில் படம், சாப்பாடு, திரும்ப பஸ் என்று முடிந்துவிடும். இந்த முறை யாருக்காகவும் அவசரப்படாமல் நின்று பார்க்க வேண்டும்.

செலவு ஐந்நூறு ரூபாய்க்குள். இரவு எட்டு மணிக்குள் விடுதியில் இருக்க வேண்டும். எதை முதலில் பார்ப்பது? மதியம் கோயில் சாத்தியிருக்கும் நேரத்தில் என்ன செய்வது? பெண் தனியாகப் போவதில் கவனிக்க வேண்டியது என்ன? கல்வெட்டு பற்றி ஒன்றும் தெரியாதவர் அதில் எதையாவது புரிந்துகொள்ள முடியுமா?

காவிரிக்கரை:

முதலில் நாளைத் தேர்ந்தெடுங்கள். புதன்கிழமை வேண்டாம், சரஸ்வதி மகால் நூலகக் காட்சிக்கூடத்துக்கு அன்றுதான் விடுமுறை. பிரதோஷமும் வேண்டாம். அன்று மாலை நாலரை மணியிலிருந்து நந்தி மண்டபத்தைச் சுற்றி நெரிசல். அது வழிபாட்டுக்கான நாள், நின்று பார்ப்பதற்கானது அல்ல. ஐப்பசி சதய விழாவும் அப்படியே. வகுப்பில்லாத ஒரு வேலை நாள் கிடைத்தால் அதுதான் சிறந்தது.

தஞ்சாவூருக்கு ஒரு நாளில் போய்வருபவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்: பதினொரு மணிக்கு வந்து சேர்வது. பன்னிரண்டரைக்குச் சந்நிதி நடை சாத்தினால் நான்கு மணிக்குத்தான் திறக்கும். முற்றம் முழுக்கக் கல்தளம். வெயில் ஏறிவிட்டால் விரித்திருக்கும் பாயை விட்டுக் கால் வைக்க முடியாது. பாயின் மேலேயே நடந்தால் விமானத்தை, அதாவது கருவறைக்கு மேல் எழும் கோபுரத்தை, ஒரே கோணத்தில்தான் பார்ப்பீர்கள், சுவர்ப் பக்கம் போகவே மாட்டீர்கள். அரண்மனைக் காட்சிக்கூடங்களும் ஒரு மணி வாக்கில் உணவு இடைவேளைக்கு மூடுகின்றன. பதினொரு மணிக்கு வந்தால் எல்லாக் கதவும் முகத்துக்கு நேரே மூடும்.

அதனால் விடியலிலேயே ரயில் ஏறுங்கள். பயணம் ஒரு மணி நேரம்தான். முன்பதிவில்லாத டிக்கெட்டில் போக வர நூறு ரூபாய் தாண்டாது. செயலியில் எடுக்கும்போது ரயில் வகையைப் பாருங்கள்: பாசஞ்சர் கட்டண டிக்கெட்டோடு எக்ஸ்பிரஸில் ஏறினால் அபராதம். டிக்கெட் எடுத்த மூன்று மணி நேரத்துக்குள் பயணம் தொடங்க வேண்டும் என்பதால் முந்தைய இரவே எடுத்து வைக்காதீர்கள்.

பஸ்ஸில் போனால் ஒரு குழப்பம் உண்டு. புதிய பேருந்து நிலையம் ஊருக்கு வெளியே, கோயிலிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி. அங்கே இறங்கிவிட்டு "கோயில் நடக்கும் தூரம்தானே" என்று கிளம்பாதீர்கள். பழைய பேருந்து நிலையத்துக்கு டவுன் பஸ் அடிக்கடி உண்டு. ரயில் நிலையத்தில் இந்தத் தொல்லை இல்லை. வெளியே வந்து காந்திஜி சாலையில் வடக்கே நடந்து, கல்லணைக் கால்வாயைக் கடந்து மேற்கே திரும்பினால் இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் கோயில்.

வரிசை இது: ஏழரை முதல் பத்து வரை பெரிய கோயில். பிறகு பக்கத்திலேயே சிவகங்கைப் பூங்கா வளாகத்தில் ஸ்வார்ட்ஸ் தேவாலயம். பத்தரை மணிக்குக் கீழராஜ வீதி அரண்மனைக்கு ஆட்டோ, அல்லது ஒன்றரைக் கிலோமீட்டர் நடை. ஒரு மணிக்குச் சாப்பாடு. இரண்டு மணிக்கு மேல் அரண்மனையில் மீதி. நாலரைக்கு மறுபடியும் கோயில்.

மறுபடியும் ஏன் என்றால், காலையில் வெயில் விமானத்தின் கிழக்கு முகத்தில் விழுகிறது. மாலையில் மேற்கு முகம் பொன்னிறமாகும், அதைக் கருவூர்த் தேவர் சந்நிதிப் பக்கம் நின்று பார்க்க வேண்டும். ஒரே கட்டடத்தை இரண்டு வெளிச்சத்தில் பார்ப்பது தனியாகப் போகிறவருக்குத்தான் வாய்க்கும். கூட்டமாக வந்தவர்கள் திரும்பி வர மாட்டார்கள்.

கல்லெழுத்து:

கல்வெட்டுக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். ஓரளவு புரியும், பயப்படாதீர்கள்.

கோயில் முதலாம் ராஜராஜன் எடுத்தது. நிறைவு 1010 என்று கொள்வார்கள். விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றி வந்தால் வரிவரியாக எழுத்து. பெரும்பாலும் தமிழ், இடையிடையே வடமொழிக்கான கிரந்த எழுத்து. உங்களைத் தடுக்கக்கூடியவை மூன்று. மெய்யெழுத்துக்குப் புள்ளி அநேகமாக இருக்காது, நீங்களே வைத்துப் படிக்க வேண்டும். எகர, ஒகரக் குறில் நெடிலுக்கு வேறுபாடு காட்டியிருக்காது. சொற்களுக்கு நடுவே இடைவெளியும் இல்லை. அதனால் முழு வரியையும் படிக்க முயலாதீர்கள். க, ட, ப, ம, ர, ன போன்ற எழுத்துகளை முதலில் பிடியுங்கள். பத்து நிமிடத்தில் "ராஜராஜ" என்ற தொடர் கண்ணுக்குப் படத் தொடங்கும். பிறகு "கழஞ்சு", "மஞ்சாடி" என்ற எடைப் பெயர்களைத் தேடுங்கள். நகைகளின் எடையை அவ்வளவு நுணுக்கமாகக் குறித்திருக்கிறார்கள், எடைக்கல்லுக்கு "ஆடவல்லான்" என்று இறைவன் பெயரையே வைத்திருக்கிறார்கள். கணிதம் படிப்பவருக்கு இந்தப் பகுதி நிச்சயம் பிடிக்கும். ௰, ௱ என்ற குறிகளைப் பத்து, நூறு என்று முன்கூட்டியே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

வடபுறத்திலிருந்து தொடங்குங்கள். தான் கொடுத்தது, தன் அக்கன் கொடுத்தது, தன் பெண்டுகள் கொடுத்தது, மற்றவர் கொடுத்தது எல்லாவற்றையும் "ஸ்ரீவிமானத்திலே கல்லிலே வெட்டுக" என்று அரசன் வாய்மொழியாக ஆணையிட்ட பகுதி அது. அக்கன் என்பது அக்கா குந்தவை. கொடுத்தவர்களைப் பெயர் பெயராகக் கல்லில் ஏற்றச் சொன்ன மன்னனின் குரல் இன்றும் அங்கே நிற்கிறது. அதை நீங்களே எழுத்துக் கூட்டிப் படிப்பதற்கு ஈடாக எந்த வழிகாட்டியின் பேச்சையும் சொல்ல மாட்டேன்.

கோயிலில் பணி செய்த 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயரும் வீட்டு வரிசையும் உள்ள கல்வெட்டைப் பலர் முற்றத்துக்குள் தேடி அலைகிறார்கள். அது வடபுறத் திருச்சுற்றுச் சுவரின் வெளிப்பக்கத்தில் இருக்கிறது. ஒருவருக்கு ஒரு வீடும், ஆண்டுக்கு நூறு கலம் நெல் என்ற கணக்கில் ஒரு பங்கும்.

தென்மேற்குப் பக்கத் திருச்சுற்றில் இருப்பது தமிழ் அல்ல. தஞ்சையை ஆண்ட மராத்திய மன்னர் இரண்டாம் சரபோஜி 1803இல் வெட்டுவித்த மராத்திக் கல்வெட்டு, அவருடைய போன்ஸ்லே வம்ச வரலாறு. மிக நீளமானது. படிக்க வராது, ஆனால் நின்று பாருங்கள். ஒரே வளாகத்தில் எண்ணூறு ஆண்டு இடைவெளி தெரியும்.

படம் எடுக்கும்போது நேர் வெளிச்சத்தில் எழுத்து தட்டையாகிவிடும். காலைச் சாய்வு வெயில் பக்கவாட்டில் விழும் நேரம்தான் எழுத்து எழும்பித் தெரியும். சாக்பீஸ், தண்ணீர், விரல் எதையும் கல்லில் தேய்க்காதீர்கள். கேமரா முக்காலி நிறுத்தினால் தடுப்பார்கள்.

இன்னொன்று. நிழல் தரையில் விழாது என்று யாராவது சொல்வார்கள். விழும். உச்சிக்கல் ஒரே கல் என்பதும் சரியல்ல, பல கற்களால் ஆனது. 200 அடிக்கு மேல் எழும் கருங்கல் விமானத்தை அந்தக் காலத்தில் நிறுத்தியதே போதுமான வியப்பு. பொய் சேர்க்க வேண்டியதில்லை.

மெஸ் சாப்பாடு:

தனியாகப் போவது பற்றி. பகல் முழுக்க நடமாட்டமுள்ள ஊர்தான், பயப்பட ஒன்றுமில்லைம்மா. தோள், முழங்கால் மறையும் பருத்தி உடை போதும். கோயிலுக்கு வெளியே காலணி வைக்கும் இடத்தில் விடும்போது எந்த வாசல் என்று நினைவில் வையுங்கள். தடித்த பருத்திக் காலுறை ஒரு ஜோடி பைக்குள் இருக்கட்டும், மதிய வெயிலில் கைகொடுக்கும். பெரிய பை வேண்டாம். அரண்மனைப் படிகளில் அதுவே பாரம்.

ஆட்டோவில் ஏறும் முன் கட்டணத்தைப் பேசிவிடுங்கள். "எல்லா இடமும் சுற்றிக் காட்டுகிறேன்" என்பதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள், உங்கள் நேரம் அவர் கையில் போய்விடும். பெண்கள் உதவி எண் 181, ரயிலில் 139. கிளம்பும்போதும் திரும்பும்போதும் ஒரு தோழிக்குச் செய்தி.

தனியாகச் சாப்பிடக் கூச்சமென்றால் பன்னிரண்டே முக்காலுக்குப் போங்கள். ஒன்றரைக்கு இலைக்கு ஆள் நின்று காத்திருப்பார்கள். சைவச் சாப்பாட்டுக்கு நூற்று ஐம்பது ரூபாய் ஒதுக்குங்கள். தண்ணீர் ஒரு லிட்டர் கையில்.

விடுதிவாசி:

எல்லோருக்கும் நன்றி. அரண்மனையில் தனித்தனி டிக்கெட் என்று கேள்விப்பட்டேன். எல்லாம் எடுக்கக் கட்டுப்படாது என்றால் எதை விடலாம்?

வெண்கலம்:

கலைக்கூடத்தை விடாதீர்கள். மற்றது எதுவும் இரண்டாவதுதான்.

1951இல் தொடங்கிய கலைக்கூடம் அது. சோழர் செப்புத் திருமேனிகள் இருக்கும் பகுதிக்கு நேரே போங்கள். அங்கே திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகனர், அதாவது காளை வாகனச் சிவன், நிற்கிறார். காளையின் மேல் சாய்ந்ததுபோல் ஒரு கை, ஆனால் காளை இல்லை. காலம் 1011. பெரிய கோயில் முடிந்ததற்கு அடுத்த ஆண்டு! அருகில் நிற்கும் தேவி அதற்கு ஓராண்டு பிந்தியவர். முன்னால் நின்று பார்த்துவிட்டுப் போகாதீர்கள். பக்கவாட்டில் வாருங்கள், இடுப்பு ஒரு பக்கம் ஒடிவதும் எடை ஒரு காலில் இறங்குவதும் அப்போதுதான் தெரியும். பின்பக்கம் தெரியும்படி நிற்க முடிந்தால் தலைக்கட்டைப் பாருங்கள், முடியையே தலைப்பாகையாகச் சுற்றி அதில் பாம்புகள். மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, சுட்டு, மெழுகு உருகி வெளியேறிய வெற்றிடத்தில் உலோகம் ஊற்றியது. ஓர் அச்சில் ஒரே ஒரு சிலைதான், அச்சை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். சிவன், உமை திருமணக் கோலமான திருவெண்காட்டுக் கல்யாணசுந்தரரும் இங்கேதான். உமையின் கூச்சத்தைக் கழுத்தின் சாய்வில் காட்டியிருக்கிறார்கள். இந்த அறைக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள்.

நூலகக் காட்சிக்கூடம் சிறியது, அரை மணி நேரம் போதும். ஓலைச்சுவடிகளை எடுத்துப் புரட்டலாம் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள், அந்தப் பகுதி ஆய்வாளர்களுக்கு. மனித முகத்தையும் விலங்கு முகத்தையும் ஒப்பிட்டு வரைந்த பிரெஞ்சு ஓவியர் லெ ப்ருனின் படங்கள் காட்சியில் உண்டு, சரபோஜியின் அறிவுத்தாகம் எவ்வளவு விரிந்தது என்பதற்கு அது சான்று.

விடலாம் என்றால் மணிக்கோபுரம், தர்பார் மண்டபப் பகுதிகளை விடலாம்; தர்பார் ஓவியங்கள் அழகுதான், ஆனால் நேரம் குறைவு. சில்லறை நோட்டாக வைத்திருங்கள், கேமரா கட்டணம் தனியாகக் கேட்பார்கள்.

காலையில் ஸ்வார்ட்ஸ் தேவாலயம் போகிறீர்கள் அல்லவா? 1779இல் கட்டியது. உள்ளே ஒரு பளிங்குப் புடைப்புச் சிற்பம்: மரணப் படுக்கையில் கிறிஸ்தவ மதபோதகர் ஸ்வார்ட்ஸ், அருகில் அவரிடம் கற்ற சரபோஜி. செதுக்கியவர் ஆங்கிலச் சிற்பி ஜான் ஃப்ளாக்ஸ்மன். கலைக்கூடத்தில் நிற்கும் சரபோஜியின் வெள்ளைப் பளிங்குச் சிலையும் அவர் கைதான். இரண்டையும் ஒரே நாளில் பாருங்கள். தேவாலயம் பூட்டியிருந்தால் வளாகத்தில் இருப்பவரிடம் கேட்டுப் பாருங்கள், திறக்காவிட்டால் அங்கேயே காத்திருக்காமல் கிளம்பிவிடுங்கள்.

காவிரிக்கரை:

மேலே நான் சொன்னதில் ஒரு திருத்தம். எட்டு மணிக்குள் விடுதி என்பதால் மாலைக் கோயிலுக்கு நாலரை முதல் ஐந்தேகால் வரைதான். வளாகத்துக்குள் தொல்லியல் துறையின் விளக்கக்கூடம் இருக்கிறது. கருவறையைச் சுற்றிய இருண்ட நடைவழியில் உள்ள சோழர் ஓவியங்களை நேரில் பார்க்க விடமாட்டார்கள். படங்கள் இங்கே இருக்கின்றன. ஆனால் இது மாலையில் மூடிவிடும், அதனால் காலையிலேயே, ஒன்பது மணிக்கு மேல் எட்டிப் பாருங்கள்.

ஐந்தேகாலுக்கு வெளியே வந்தால் அரை மணி நேரத்தில் ரயில் நிலையம் அல்லது புதிய பேருந்து நிலையம். திரும்பும் ரயிலின் நேரத்தை முந்தைய நாளே பார்த்து எழுதி வையுங்கள். தாமதம் என்று தெரிந்தால் ரயிலுக்குக் காத்திராமல் பஸ் ஏறிவிடுங்கள். திருச்சிக்குப் பஸ் தொடர்ந்து உண்டு, ஒன்றரை மணி நேரம். திருவையாறு அசோகா இனிப்பு வாங்கிவரச் சொல்லி விடுதியில் கேட்டால் இன்றைக்கு முடியாது என்று சொல்லிவிடுங்கள். அது பதின்மூன்று கிலோமீட்டர் வடக்கே, ஐயாறப்பர் கோயிலோடு சேர்த்து வேறொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.