தம்பிக்கு ஸ்கிரீனிங் இன்ரவியூ, கோயில் பிரச்சினையைச் சொல்றதோ அரசியலைச் சொல்றதோ?

நெடுங்கேணி_அக்கா:
வணக்கம், என்ர தம்பி லண்டனில என்னோட நிக்கிறான், அசைலம் (அகதித் தஞ்சம்) கேட்டாச்சு, ஸ்கிரீனிங் எண்ட முதல் விசாரணைக்கு திகதியும் வந்திட்டுது. 2024 சிவராத்திரிக்கு வவுனியா வடக்கில வெடுக்குநாறிமலைச் சிவன் கோயிலில பொலிஸ் பூசையைக் குழப்பி எட்டுப் பேரைப் பிடிச்சது தெரியும்தானே, அண்டைக்கு இவனும் மலையில நிண்டவன், பிடிபடேல்ல, ஆனா பிறகு சிஐடி வீட்ட வந்து அம்மாட்ட இவன்ர போட்டோவைக் காட்டி விசாரிச்சவங்கள். பெரியண்ணா புலிகள் இயக்கத்தில இருந்து காணாமல் போனவர், தம்பி அம்மாவோட காணாமல் ஆக்கப்பட்டோர் போராட்டத்துக்குப் போறவன், அதையும் துருவிக் கேட்டிருக்கிறாங்கள். இஞ்ச ஒராள் சொல்றார் கோயில் கதை எடுபடாது, ஆமிக் காம்பில வச்சு அடிச்சவங்கள் எண்டு சொல்லு, தான் எழுதித் தாறன் எண்டு. தம்பிக்கு அப்பிடி அடி விழேல்ல. என்ன செய்யிறது?

லூசியம்_சிவா:
தங்கச்சி, அந்தாளின்ர பேப்பரைக் கையாலயும் தொடாதேங்கோ. ஒண்டை மட்டும் தெரிவு செய்யோணும் எண்டு சட்டத்தில இல்லை. 1951 அகதிகள் சாசனத்தில இனம், மதம், நாட்டுரிமை, குறிப்பிட்ட சமூகக் குழு, அரசியல் கருத்து எண்டு அஞ்சு காரணம் இருக்கு, ஒராளுக்கு ரெண்டு மூண்டு சேர்ந்தும் வரலாம். தம்பி இயக்கத்தில இருக்கேல்ல எண்டாலும் அவங்கள் அப்பிடி நினைக்கிறாங்கள் எண்டா அதுவும் அரசியல் கருத்தாத்தான் கணக்கெடுபடும். சைவக் கோயில் இருந்த இடத்தில விகாரை கட்டின குருந்தூர்மலை வழக்கைப் பார்த்த முல்லைத்தீவு நீதிபதி சரவணராஜாவே 2023 செப்டம்பரில உயிரச்சுறுத்தல் எண்டு பதவியை விட்டிட்டு நாட்டை விட்டு வெளிக்கிட்டவர், அதுக்குப் பிறகும் கோயில் கதை எடுபடாதாம்.

பனங்கூடல்:
சொல்றதுக்கு நல்லா இருக்கு. காயம் ஒண்டும் இல்லாமப் போனா ரிஜெக்ட் தான் அண்ணை, எத்தினை பேரைப் பாத்திட்டம்.

ரூட்டிங்_வாணி:
பனங்கூடல், தயவுசெய்து இப்பிடிச் சொல்லிப் பயப்படுத்தாதேங்கோ. திரும்பிப் போனா என்ன நடக்கும் எண்டதுதான் கேள்வி, ஏற்கெனவே அடி விழுந்திருக்கோணும் எண்டு இல்லை. உண்மையாவே சூட்டுக்கம்பியால சுட்ட தழும்போட வந்த எங்கட தமிழ்ப் பெடியனுக்கே வேணுமெண்டு ஆரையும் கொண்டு சுடுவிச்சிருக்கலாம் எண்டு தீர்ப்பு வந்து, அது பிழை எண்டு 2019இல சுப்ரீம் கோர்ட் சொல்லுமட்டும் அவர் இழுபட்டவர். எழுதிக் குடுத்த கதையள் பெருகப் பெருக உண்மைச் சனத்தையும் நம்ப மாட்டாங்கள், எனக்கு அதில சரியான கோவம்.

அக்கா, நான் இன்ரவியூக்களில மொழிபெயர்க்கிறனான். ஸ்கிரீனிங் சின்னது, கைரேகை, வந்த பாதை, ஏன் வந்தது எண்டு சுருக்கமாக் கேப்பினம். இதிலதான் கனபேர் "நாட்டில பிரச்சினை" எண்டு ஒரு வரியோட விட்டிட்டு வருவினம், பிறகு பெரிய இன்ரவியூவில மலையைப் பற்றிச் சொன்னா அப்ப ஏன் சொல்லேல்ல எண்டு பிடிப்பினம். மலை, போராட்டம், அண்ணா, சிஐடி, நாலையும் ஒவ்வொரு வசனத்திலயாவது சொல்லச் சொல்லுங்கோ. சிஐடி வந்த திகதி நினைவில்லையெண்டா குத்துமதிப்பா ஒண்டைச் சொல்லாம "சிவராத்திரி முடிஞ்ச கையோட" எண்டு தெரிஞ்ச மாதிரியே சொல்லட்டும். மொழிபெயர்ப்பாளற்ர தமிழ் விளங்காட்டி அந்த இடத்திலயே சொல்லோணும், தலையை ஆட்டிப்போட்டு வீட்ட வந்து கவலைப்பட்டுப் பிரயோசனம் இல்லை.

லூசியம்_சிவா:
இன்னொண்டு, கோயிலுக்குப் போனவர் எண்டது மட்டும் காணாது. 2021இல இஞ்சத்தை அப்பர் ட்ரிபியூனல் (அகதி அப்பீலுகளைப் பார்க்கிற மேல் தீர்ப்பாயம்) குடுத்த தீர்ப்பின்படி, தமிழ்ப் பிரிவினைவாதத்தில முக்கிய பங்கு எடுக்கிற ஆள் எண்டு அரசாங்கம் பார்க்குதோ எண்டதுதான் பெரிய கேள்வி. அதாலதான் அண்ணான்ர விசயமும் போராட்டமும் மலையும் ஒண்டாப் போகோணும், பிரிச்சா ஒவ்வொண்டும் தனித்தனியா மெலிஞ்சு போகும். போராட்டத்தில நிண்ட படங்கள், அண்ணாவுக்கு அம்மா குடுத்த முறைப்பாட்டுத் துண்டுகள், அம்மான்ர கடிதம், எல்லாத்தையும் ஊரில இருந்து எடுப்பியுங்கோ. ரிஜெக்ட் ஆனாலும் அப்பீலுக்கு 14 நாள்தான், லோயர் இப்பவே வேணும்.

நெடுங்கேணி_அக்கா:
ரெண்டு பேருக்கும் நன்றி. தம்பிட்ட வாசிச்சுக் காட்டினனான், "அப்ப நான் நடந்ததையே சொல்றன்" எண்டிட்டான். அந்தாளுக்கு வேண்டாம் எண்டு சொல்லியாச்சு. முறைப்பாட்டுத் துண்டு அம்மாட்ட இருக்கு, போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கு. கிழக்கு லண்டன் பக்கம் லீகல் எய்டில (அரசாங்கக் காசில) எடுக்கிற லோயர் ஆரும் தெரிஞ்சா உள்பெட்டியில சொல்லுங்கோ.