ஞாயிறு காலை வகுப்புக்கு மாற்று நாள் தேவை

மட்டக்களப்பு கல்லடி, நாவற்குடா பக்கம் ஓ.எல். (சாதாரண தர) கணித வகுப்பு கிழமை நாளில் எங்க நடக்குது? தெரிஞ்சவங்க சொல்லுங்க. ஞாயிறு 7.30க்கு வகுப்பு எண்டால் பூசையும் போச்சு, மறைக்கல்வியும் (கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கான சமய வகுப்பு) போச்சு. சனி மாலைப் பூசை ஞாயிறு பூசைக் கடனுக்குச் சரி, மறைக்கல்விக்கு ஈடாகாது.

வீட்டுச் செபமாலை 53 மணியும் உருட்ட 20 நிமிசம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வச்சால் சின்னவன் மூன்றாம் பத்திலேயே (செபமாலையில பத்து மணிகள் சேர்ந்தது ஒரு பத்து) தூங்கிடுவான். அதனால சாப்பாட்டுக்கு முன், 6.45க்கு ஒரு பத்தும் 117ஆம் திருப்பாடலும் (இரண்டே வசனம்). எட்டு நிமிசம் போதும், போன்கள் அலுமாரிக்குள்ள.

புதன்தான் இடிக்குது: கராத்தேயும் இங்கிலீஷ் வகுப்பும் ஒரே மாலை. எதை நிப்பாட்டலாம்? கராத்தே எண்டுதான் எனக்குப் படுது, வீட்டில ஒத்துக்கிறாங்க இல்ல.